சூப்புக்குள் கோலிக்குண்டு

1960களின் கடைசியில் அமெரிக்காவின் கேம்ப்பெல் சூப் நிறுவனத்துக்கு விளம்பரம் எடுத்தவர்களுக்கு ஒரு தொல்லை. கிண்ணத்தில் சூப்பை ஊற்றினால் காய்கறியும் கறித்துண்டும் அடியில் போய்த் தங்கிவிடும். படத்தில் தெரிவது வெறும் தண்ணீர். கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டார்கள். காயெல்லாம் மேலே வந்து நின்றது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் இதை ஏமாற்று என்று பிடித்தது. இனி இப்படிச் செய்யக்கூடாது என்று 1970இல் உத்தரவானது. வழக்கில் தலையிடக் கோரிய சட்ட மாணவர்கள், முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘சூப்’ என்று வரும்படி தங்கள் அமைப்புக்குப் பெயர் வைத்திருந்தது தனி வேடிக்கை.

1990இல் போட்டோஷாப் வந்தது. தந்திரம் கிண்ணத்திலிருந்து கணினிக்கு மாறியது. அப்போதும் எதைத் தூக்கிக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவுசெய்தவர் மனிதர்தான். அந்த முடிவை இயந்திரம் எடுக்க வேண்டுமானால், தட்டில் இருப்பது இன்னதென்று முதலில் அதற்குத் தெரிய வேண்டுமே!

அதற்கான முயற்சிகளில் பெயர்பெற்றது, 2014இல் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ஃபுட்-101’ தொகுப்பு. 101 வகை உணவு, வகைக்கு 1,000 படம். எல்லாம் ஃபுட்ஸ்பாட்டிங் என்ற தளத்தில் சாப்பிடப் போனவர்கள் ஏற்றியவை. பட்டியலில் சமோசா உண்டு; இட்லி, தோசை கிடையாது. இயந்திரத்தின் பயிற்சிக்கான படங்களை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே சுத்தம் செய்யவில்லை. அவற்றிலிருந்த கோளாறுகளில் முக்கியமானது மிகைப்பட்ட நிறம் என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். சாப்பாட்டுக்குச் சாயம் பூச இயந்திரத்துக்கு யாரும் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. நாம் பூசிக் கொடுத்ததைத்தான் அது படித்தது.

2017 அக்டோபரில் வந்த ஹுவாவே மேட் 10 போன்ற கைபேசிகள், எதிரில் இருப்பது உணவு என்று தாமே கண்டுகொண்டு நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்தன. அதுவரை சாப்பாடு என்னவோ அதே சாப்பாடுதான். 2022இல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்தபோது அந்த எல்லை போயிற்று. கோடிக்கணக்கான படங்களைப் புள்ளிப் புள்ளியாகக் கலைத்து, மறுபடி தெளிவாக்கப் பழகியவை இவை. மங்கலான குழம்புப் படத்தைக் கொடுத்தால், என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பும். சமைத்தவர் போடாத கொத்தமல்லி முளைக்கும். ஆறிப்போன சோற்றில் ஆவி பறக்கும்.

2024 ஆகஸ்டில் உணவு விநியோக நிறுவனமான சொமேட்டோவின் அப்போதைய தலைவர் தீபிந்தர் கோயல், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உணவுப் படங்களை உணவகங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தார். புகார்களும் பணத்தைத் திருப்பித் தருவதும் கூடிவிட்டன என்பது அவர் சொன்ன காரணம். மறுவருடமே இன்னொரு விநியோக நிறுவனமான ஊபர் ஈட்ஸ், படத்தின் வெளிச்சத்தைத் திருத்துவதோடு உணவை வேறு தட்டுக்கே மாற்றிக் காட்டும் வசதியை அறிவித்தது.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிச்சத்தைத் திருத்துங்கள், தட்டைக்கூட மாற்றிக்கொள்ளுங்கள். பிரியாணியில் கறித்துண்டின் எண்ணிக்கையில் மட்டும் கைவைக்காதீர்கள். பொட்டலத்தைப் பிரிப்பவர் எண்ணிப் பார்ப்பார்.