ஏரி நகரும் குள்ளர் குகையும்

கோடை விடுமுறையிலே கொடைக்கானல் சென்றிருந்தோம். மழை விடாது பெய்தது. ஒதுங்க இடம் தேடினோம். சிறு நூலகம் ஒன்று இடம் தந்தது. இடம் மட்டுமா தந்தது? ஏடொன்றும் தந்தது! மெக்சிக்கோ நாட்டு அஸ்டெக் மக்களின் வரலாறு கூறும் ஏடு அது.

படித்தோம், வியந்தோம். ஏரி நடுவே எழுந்த நகரம் டெனோச்சிட்லான். நீரிலே சேறு குவித்துத் திட்டமைத்துப் பயிர் விளைத்தனர். கரையை அடைய நெடும்பாதைகள். ஊற்றுநீர் கொணரக் கால்வாய். எளியோர் பிள்ளைகட்கும் பள்ளி. இத்துணையும் கண்டவர்களே, கோயிலிலே மனிதரைப் பலியிட்டனர் என்பதையும் அந்த ஏடு மறைக்கவில்லை. வரலாறு அப்படித்தான் இருக்கவேண்டும்!

1519-இல் ஸ்பானியன் கார்ட்டெஸ் வந்தான். 1521-இல், முற்றுகையும் அம்மையும் சேர்ந்து அந்நகரை வீழ்த்தின. அம்மக்களின் ஏடுகள் பல எரிந்து சாம்பலாயின. எனினும், சகாகுன் என்னும் துறவி முதியோரைக் கேட்டுக் கேட்டு, அவர்தம் தாய்மொழியிலேயே 12 நூல்களாகத் தொகுத்தார். வீழ்ந்தவர் பெருமை வாழ்வது அதனாலன்றோ!

ஏட்டை மூடினோம். நெஞ்சிலே ஒரு முள். கடல் கடந்த நகரை அறிந்தோம். காலடியில் உள்ள மலையை அறிவோமா?

விடை அடுத்த தட்டிலேயே இருந்தது. பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி, ஆங்லேடு என்னும் இயேசு சபைத் துறவியார் நியூட்டன் என்பாருடன் எழுதி, இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்ட நூல்! பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றிப் பெருங்கற்கால மக்கள் எழுப்பியவை அவை. மாடுகளும் பொறிகளும் ஏறத் தயங்கும் மலையிலே, அத்துணைப் பெருங்கல்லை நகர்த்திய தோள்கள் எத்தனை! கூடி உழைக்கத் தெரிந்த மக்கள் இங்கே வாழ்ந்தனர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

சென்ற ஆண்டு, தாண்டிக்குடிப் பக்கம் மாணவர்களை அழைத்துச் சென்றபோது, சிறுவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, இது யார் வீடு?” ஊரார் சொல்வதையே சொன்னோம்: “குள்ளர் குகையப்பா.” பானிப்பட்டுப் போர்களின் ஆண்டுகளைப் பிழையின்றி ஒப்புவிக்கச் செய்யும் ஆசிரியர் நாம்! வெளிநாட்டார் வந்து அளந்து எழுதிவைத்த உண்மையை, உள்நாட்டு ஆசிரியர் நாம் புரட்டிப் பார்க்கவில்லை. அங்கே சரிந்து கிடந்த மூடுகல் ஒன்றின்மீது அமர்ந்துதான் அன்று கட்டுச்சோறு உண்டோம்!

மழை விட்டது. அறைக்குத் திரும்பியதும் அந்தச் சிறுவனுக்கு மடல் எழுதினோம்: “தம்பி, அன்று நாம் சொன்னது பிழை. அது குள்ளர் வீடன்று. நம் முன்னோர் மாண்டோர்க்கு எடுத்த நினைவிடம். மீண்டும் போவோம், இம்முறை, அளவுநாடாவும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு வா.”