கடலுக்கும் ஓர் ஓய்வு



யூபிலி ஆண்டில் நிலத்துக்கு ஓய்வளிக்க வேண்டுமென்று லேவியர் ஆகமம் பணிக்கிறது. கடலுக்கும் அவ்வாறு ஓய்வளிக்கலாமா? அளிப்பதானால், அதைத் தீர்மானிப்பவர் யார்? கடலை நம்பி வாழும் நமக்கு இது பிழைப்பைத் தொடும் கேள்வி. பிலிப்பைன்ஸ் நாட்டின் இரண்டு சிறு தீவுகளுடைய வரலாறு இதற்கு நல்ல பாடமாகும்.

செபூவை அடுத்த சுமிலோன் தீவில், சில்லிமான் பல்கலைக்கழக அறிஞர் ஆஞ்செல் அல்கலாவின் முயற்சியால், 1974-ம் ஆண்டு பவளப் பாரின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. மீன் பெருகிற்று, அயற்பகுதியிலும் நன்றாகக் கிடைத்தது. ஆனால் அது பல்கலைக்கழகமும் நகராட்சியும் செய்த ஏற்பாடு. மீனவர் மனத்தில் வேரூன்றவில்லை. 1984-ல் காவல் குலைந்தது. பத்தாண்டுச் சேமிப்பை அள்ளினார்கள். இரண்டே ஆண்டுகளில் தீவின் மொத்தப் பிடிப்பு ஏறக்குறைய பாதியாயிற்று!

நேக்ரோஸ் கரையோரம் 74 ஹெக்டேர் பரப்புள்ள ஆப்போ தீவில் வேறு வழி பின்பற்றப்பட்டது. வெடியாலும் நஞ்சாலும் சிறுகண் வலையாலும் அங்கே மீன்வளம் குன்றியிருந்தது. அல்கலாவும் தோழர்களும் உத்தரவோடு செல்லவில்லை. மீனவர் சிலரைச் சுமிலோனுக்கு அழைத்துச் சென்று காட்டினார்கள். மூன்று ஆண்டுகள் பேசிய பின், 1982-ல் 14 குடும்பங்களே இசைந்தன. அவர்கள் 450 மீட்டர் நீளக் கரையை ஒட்டிய கடலில் மீன்பிடிப்பதை நிறுத்தி, முறைவைத்துக் காவல் காத்தார்கள். பலனைக் கண்ணால் கண்டபின் மற்றவர்களும் சேர்ந்தார்கள். 1985-ல் டாவின் நகராட்சி அந்த ஊர்க்கட்டுப்பாட்டைச் சட்டமாக்கிற்று.

1994-ல் மத்திய அரசு ஆப்போவைத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. நிர்வாகம் புதிய குழுவிடம் சென்றது. சுற்றுலாக் கட்டணமும் மத்தியக் கருவூலத்துக்குப் போய், காலம் தாழ்த்தியே திரும்பிற்று. தாங்கள் வளர்த்ததில் தங்கள் சொல் எடுபடவில்லையென்று தீவினர் வருந்தினார்கள். ஆதலால் அரசே வேண்டாமென்று முடிவு கட்டலாகாது. வெளியூர்ப் படகுகளைத் தடுத்து நிறுத்தச் சட்டத்தின் துணை வேண்டும். ஊரார் இசைவின்றிச் சட்டம் நிலைக்காது. சட்டமின்றி ஊரார் உழைப்பும் நிலைக்காது.

நம் மன்னார் வளைகுடாவிலும் 1986-ல், 21 தீவுகளை உள்ளடக்கிக் கடல் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. பவளப் பாறைகளையும் கடற்பசுவையும் காப்பது நல்ல நோக்கமே. ஆயினும் அத்தீவுகளைச் சுற்றி வலை வீசியவர்களுக்கும், பாசி எடுத்த தாய்மார்களுக்கும் அது பிழைப்பின்மேல் விழுந்த தடையாயிற்று. கிராமக் குழுக்கள் அமைத்து மக்களைச் சேர்க்கும் பணி 2000-ம் ஆண்டுக்குப் பின்னரே முறையாகத் தொடங்கிற்று. முதலில் கேட்டிருக்க வேண்டியவர்களைப் பின்னர் கேட்டார்கள்.

ஆகவே, அதிகாரிகள் வரைபடத்தோடு ஊருக்கு வரும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். கூட்டத்துக்குச் செல்லுங்கள், பாசி எடுக்கும் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பாரில் எந்த மாதம் மீன் சினைப்படும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். அதை அங்கே எடுத்துச் சொல்லுங்கள். உரிமையைக் கேட்கும் நாமும் சிறுகண் வலையை விட்டொழிப்போம். ஆப்போவில் முதலில் இசைந்தவை 14 குடும்பங்கள்தாம். நம் பங்கில் அத்தனை குடும்பங்கள் கிடைக்கமாட்டாவா?

இறையாசீர் உங்களோடு இருப்பதாக!

உங்கள் பங்குத் தந்தை