ஸ்டோயிக் நற்பண்புகள்

அறிவுடைமை, நீதி, துணிவு, தன்னடக்கம் ஆகிய நான்கும் ஸ்டோயிக் மெய்யியலின் தலையாய நற்பண்புகள். கி.மு. 300 அளவில் ஏதென்ஸ் நகரில், ஓவியங்கள் தீட்டிய தூண் மண்டபம் ஒன்றில் சீனோ இம்மெய்யியலைக் கற்பித்தார். செல்வம், உடல்நலம், புகழ் ஆகியவை விரும்பத்தக்கவை; ஆனால் நற்பண்பு மட்டுமே உண்மையான நன்மை என்பது இதன் அடிப்படைக் கொள்கை.

அன்றாடப் பயிற்சி: அடிமையாகப் பிறந்து ஆசிரியராக உயர்ந்த எபிக்டெட்டஸ், நம் வசம் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறியச் சொன்னார். வேலை நேர்காணலுக்குச் செல்பவரின் பொறுப்பு நல்ல தயாரிப்பும் நேர்மையான பதிலும்தான். தேர்வு செய்வது பிறர் கையில் உள்ளது. ஸ்டோயிக் சிந்தனையாளரான செனிகா, இரவில் விளக்கை அகற்றியபின் அன்றைய சொல்லையும் செயலையும் ஒளிவுமறைவின்றித் தனக்குத்தானே விசாரித்துக்கொண்டதாகக் கோபம் பற்றிய தம் நூலில் எழுதுகிறார். விவாதத்தில் வரம்பு மீறிப் பேசியிருந்தால், இனி அப்படிச் செய்யாதே என்று தன்னைக் கண்டித்து, மன்னித்தும் விடுவார். இன்றும் நாட்குறிப்பு எழுதுவோர் பலர் இம்முறையைப் பின்பற்றுகின்றனர்.

நவீனத் தாக்கம்: நிகழ்வுகளைவிட அவற்றைப் பற்றிய நம் எண்ணங்களே மனத்தைக் கலக்குகின்றன என்ற எபிக்டெட்டஸின் கருத்து, 1950களில் ஆல்பர்ட் எல்லிஸ் உருவாக்கிய உளச்சிகிச்சைக்கு வித்திட்டது. வியட்நாமில் 1965 முதல் 1973 வரை போர்க்கைதியாக இருந்த அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், சித்திரவதையைத் தாங்க எபிக்டெட்டஸின் போதனையே துணைநின்றது என்றார்.

தவறான புரிதல்: ஸ்டோயிக் நெறி உணர்ச்சியற்ற வாழ்வைப் போதிப்பதில்லை. தன்னலத்தையும் அது போதிப்பதில்லை: நீதி என்ற நற்பண்பில் குடும்பம், சமூகம், மனிதகுலம் ஆகியவற்றுக்கான கடமையும் அடங்கும். அதை விடுத்துத் தன் மன அமைதியை மட்டும் நாடுவது இந்நெறிக்குப் புறம்பானது.