தடையின்மைச் சான்றிதழ் (அரசுப் பணி)

தடையின்மைச் சான்றிதழ் என்பது, அரசு ஊழியர் ஒருவர் பணியிலிருந்து விலகாமலேயே வேறு பணிக்கு விண்ணப்பிப்பதில் தமக்கு மறுப்பில்லை என அவரது துறை வழங்கும் சான்று ஆகும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளை எழுதும் அரசு ஊழியர்கள், சான்றிதழ் சரிபார்ப்பின்போது இதனை அளிக்க வேண்டும்.

நடுவண் அரசின் 1972ஆம் ஆண்டு குடிமைப் பணிகள் (ஓய்வூதிய) விதிகளில் 26ஆம் விதியின்படி, பதவி விலகுபவர் அதுவரையிலான பணிக்காலத்தை இழப்பார். உரிய அனுமதியுடன் மற்றோர் அரசுப் பணியில் சேர்வதற்காக விலகினால் இவ்விழப்பு நேராது. 2021ஆம் ஆண்டின் புதிய விதிகளிலும் இவ்வேற்பாடு தொடர்கிறது. இவை 2004க்கு முன் பணியேற்றோருக்குப் பொருந்தும். துறைக்குத் தெரிவிக்காமல் தேர்வெழுதி வேறு பணிக்குச் செல்பவரின் முந்தைய பணிக்காலம், ஓய்வூதியக் கணக்கில் சேராமல் போகக்கூடும்.