துடைப்பம் முதல் பாதாளச் சாக்கடை வரை: புனைவு மாற்றியதும் மாற்றாததும்

புனைவு சமூகத்தை மாற்றுமா என்னும் வினாவைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். ஆகவே ஒரு தொழிலை மட்டும் எடுத்துக்கொள்வோம். கையால் மலம் அள்ளும் வேலை சாதியின் பெயரால் சிலர் தலையில் சுமத்தப்பட்டது. அதைப் பற்றி நாவல்களும் எழுதப்பட்டன. அதைத் தடுக்கச் சட்டங்களும் இயற்றப்பட்டன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புனைவின் ஆற்றலும் எல்லையும் புலப்படும்.

கருவி வந்தால் போதுமா?

முல்க் ராஜ் ஆனந்த் ஆங்கிலத்தில் எழுதிய ‘அன்டச்சபிள்’ 1935இல் வெளிவந்தது. பாக்கா என்னும் துப்புரவுத் தொழிலாளியின் ஒரு நாள் வாழ்வே கதை. கடைவீதியில் தவறுதலாக ஒருவர்மீது பட்டதற்காக அவன் அறை வாங்குகிறான். அவன் தங்கையிடம் அத்துமீறிய பூசாரியே, தான் தீட்டுப்பட்டதாகக் கூச்சலிடுகிறான். தீட்டு என்பது தூய்மையைப் பற்றியதன்று, அதிகாரத்தைப் பற்றியது என்பதை வாசகர் அந்த ஒரு காட்சியிலேயே உணர்ந்துவிடுகிறார்.

நாவலின் முடிவில் மூன்று வழிகள் பாக்காவின் முன் நிற்கின்றன: கிறித்தவ மதமாற்றம், காந்தியின் அறிவுரை, மனிதக் கை படாமல் மலத்தை அகற்றும் நவீனக் கழிப்பறை. தொழில் மாறினால் தீண்டாமையும் மறையும் என்பதே மூன்றாம் வழியின் நம்பிக்கை. அடுத்த ஆண்டே அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதி உழைப்பை மட்டும் பிரிப்பதில்லை, உழைப்போரையே மேல் கீழாக அடுக்குகிறது என்று வாதிட்டார். அந்த அடுக்கு குலையாமல் கருவி மட்டும் வந்தால் என்ன நேரும் என்பதைப் பின்வந்த காலம் காட்டியது.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியுடெ மகன்’ 1947இல் மலையாளத்தில் வெளிவந்தது. இதனைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார். ஆலப்புழையில் தோட்டி வேலை செய்யும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை இது. தன் மகன் தோட்டியாகக் கூடாது என்பதற்காகவே சுடலைமுத்து தன்னினத்தாரின் சங்கத்துக்கு எதிராக நிற்கிறான். ஆயினும் மகன் மோகனன் அதே வேலைக்கு வர நேர்கிறது. தனியொருவன் தப்பிக்க முடியாது, விடுதலை கூட்டாகவே வரும் என்பதே இந்நாவல் உணர்த்தும் செய்தி.

எழுதும் கை மாறியபோது

ஆனந்தும் தகழியும் தலித்துகள் அல்லர். ஒடுக்கப்பட்டோரே எழுதத் தொடங்கியபோது கேள்விகளே மாறின. பாமாவின் தன்வரலாற்றுப் புனைவான ‘கருக்கு’ 1992இல் வெளிவந்து, சமத்துவம் பேசும் திருச்சபைக்குள் நிலவும் சாதியை ஒரு தலித் பெண்ணின் குரலில், அவள் ஊரின் பேச்சுமொழியிலேயே அம்பலப்படுத்தியது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. தலித் குடியிருப்பை அண்டி அதன் துணி வெளுத்து வாழும் புதிரை வண்ணார் குடும்பத்தை அது காட்டியது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் ஒடுக்குமுறை உண்டு என்ற அந்தச் சித்திரிப்பு கடும் விவாதத்தைக் கிளப்பியது. இரக்கத்தைக் கோரும் எழுத்திலிருந்து தன்னையும் விசாரிக்கும் எழுத்துக்கு நகர்ந்த இந்த மாற்றம் இயக்கங்களுக்கும் தேவையானது.

சட்டம் வந்த வழி

கையால் மலம் அள்ளுவதையும் உலர் கழிப்பிடங்களையும் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1993இல்தான் வந்தது. ஆனந்தின் நாவல் வந்து 58 ஆண்டுகள் கழிந்திருந்தன. பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் தடுக்கும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டது. சஃபாய் கர்மசாரி அந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க அது ஆணையிட்டது. 2023 அக்டோபரில் வந்த மற்றொரு தீர்ப்பு இத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இவற்றை ஈட்டியது நாவல் அன்று. தொழிலாளர்களும் அமைப்புகளும் நடத்திய நெடிய போராட்டம்.

பாக்காவின் கனவான நவீனக் கழிப்பறை இன்று பரவலாக வந்துவிட்டது. ஆனால் அதன் குழாய் சென்று முடியும் குழிக்குள் இறங்கி நச்சுவாயுவில் மடிவோர் பெரும்பாலும் அதே சமூகங்களைச் சேர்ந்தவர்களாகவே இருக்கின்றனர். கருவி மாறியது, சாதி ஒதுக்கிய இடம் மாறவில்லை.

அவ்வாறெனில் புனைவு செய்தது என்ன? ‘தலைவிதி’ என்று சொல்லப்பட்டதை ‘அநீதி’ என்று அடையாளம் காட்டியது. அநீதி என்று உணராத ஒன்றை எதிர்த்து எவரும் வழக்குத் தொடுப்பதில்லை, சங்கம் அமைப்பதுமில்லை. புனைவின் பணி அங்கே தொடங்குகிறது. அதை முடித்துவைக்கும் பொறுப்பு வாசித்தவர்களுடையது. சாக்கடை மரணம் ஒன்றை நாளேட்டின் உள்பக்கத்தில் காணும்போது, இறந்தவருக்கும் ஒரு நாள் வாழ்வு இருந்தது என்பதை நினைத்து, இறக்கிவிட்டவர்மீது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்குப் பதிவானதா என்று கேட்பதே அப்பொறுப்பின் முதற்படி.