குரூசர் வகை மின்சார சைக்கிள்

குரூசர் மின்சைக்கிள் என்பது அமெரிக்கக் கடற்கரை ஊர்களில் உலாவும் வண்டியாகப் பெயர் பெற்ற குரூசர் சைக்கிளில் மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த வடிவம். பருத்த டயர், வளைந்த சட்டம், பின்னோக்கி இழுத்துவிட்ட அகன்ற ஹேண்டில்பார், ஸ்பிரிங் வைத்த பெரிய சீட் ஆகியவை இதன் அடையாளங்கள். பந்தய சைக்கிளில் உடல் முன்னால் படிந்துவிடும். குரூசரிலோ நாற்காலியில் அமர்ந்ததுபோல் முதுகு நிமிர்ந்தே இருக்கும். விற்பனைத் தாள்களில் மோட்டாரின் வாட் கணக்குதான் முதல் வரியில் நிற்கிறது. ஆனால் இந்த வண்டியின் ஒவ்வொரு உறுப்பையும் தீர்மானிப்பது மோட்டார் அல்ல, உட்காரும் விதம்.

தோற்றம்

1930-களின் பெருமந்தக் காலத்தில் அமெரிக்காவில் சைக்கிள் வியாபாரம் படுத்துக் கிடந்தது. சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1933-இல் 2.125 அங்குல அகலமுள்ள பலூன் டயரைப் பூட்டி ஒரு சைக்கிளை இறக்கியது. மறு ஆண்டே ஏரோசைக்கிள் வந்தது. வாங்க ஆசைப்பட்டவர்கள் சிறுவர்கள். அவர்கள் கண் மோட்டார் சைக்கிள் மேல் இருந்தது. அதனால் மேல் பாருக்குக் கீழே பெட்ரோல் டேங்க் மாதிரி ஒரு தகரக் கூடு வைத்தார்கள். உள்ளே பெட்ரோல் கிடையாது. 1949-இல் வந்த பிளாக் ஃபேன்டம் மாடலில் அந்தக் கூட்டுக்குள் இருந்தது ஹாரன்.

நிஜ எஞ்சின் வைக்கும் முயற்சியும் நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 1939-இல் தொடங்கிய விஸ்ஸர் என்ற தயாரிப்பு, பலூன் டயர் சைக்கிளில் பூட்டிக்கொள்ளும் சிறிய பெட்ரோல் எஞ்சினைத் தனித் தொகுப்பாக விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எடை குறைந்த இங்கிலாந்து மூன்று கியர் சைக்கிள்கள் வந்து இறங்கவே, கனத்த குரூசர்கள் கொட்டகைகளுக்குப் போயின. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் அந்தப் பழைய ஷ்வின்களைத் தேடி எடுத்து டமால்பாயிஸ் மலைச் சரிவில் ஓட்டினார்கள். அதிலிருந்து மலைச் சைக்கிள் பிறந்தது தனிக்கதை. குரூசருக்கு மறுவாழ்வு தந்தவர்களில் 1993-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய எலெக்ட்ரா நிறுவனம் முக்கியமானது. 2014-இல் அதை டிரெக் நிறுவனம் வாங்கியது.

மின்சாரத்தின் கதை இதைவிடப் பழையது. ஒஹாயோ மாநிலத்தின் ஆக்டன் போல்டன் 1895-லேயே பின்சக்கர ஹப்புக்குள் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பெடலை அழுத்தும் விசைக்கு ஏற்ப மோட்டார் உதவும் முறையை யமஹா 1993-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லித்தியம் பேட்டரி விலை இறங்கிய பிறகு இரண்டு கதைகளும் ஒன்று சேர்ந்தன. 2008-இல் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டியில் தொடங்கிய பெடெகோ, குரூசர் வடிவத்தையே தன் முதன்மைச் சரக்காக்கிக்கொண்டது. எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் பொய்டேங்க் இருந்த இடத்தில் இன்றைய பல மாடல்களில் நிஜ பேட்டரி இருக்கிறது.

சட்டமும் இருக்கையும்

நிமிர்ந்து உட்கார்ந்தால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் சுகம். அந்தச் சுகத்துக்கு விலை காற்று. மார்பு முழுவதும் எதிர்காற்றை வாங்குகிறது. காற்றைத் தள்ள வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும் என்பதால், மணிக்கு 25 கி.மீ. வேகத்தை 32 ஆக்கினால் காற்றுக்கு மட்டும் இரண்டு மடங்கு திறன் செலவாகும். பழகாத ஒருவர் நீண்ட நேரம் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 100 வாட். எடையும் காற்றும் சேர்ந்த குரூசரை அதை வைத்துக்கொண்டு வேகமாக ஓட்ட முடியாது. அதனால்தான் மோட்டார் இல்லாத காலத்தில் இது சமதளத்தில் மெதுவாக உலாவும் வண்டியாகவே இருந்தது. வேறெந்த சைக்கிள் வகையையும்விட மோட்டாரால் அதிகம் பயன் கண்டது குரூசர்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

சட்டம் பெரும்பாலும் 6061 வகை அலுமினியக் கலவை. பழைய வளைவுகளை உருக்கில் இன்றும் செய்பவர்கள் உண்டு, எடை கூடும். எலெக்ட்ராவின் டவுனி மாடல் பரவலாக்கிய ஒரு மாற்றம் இங்கே முக்கியம். அதில் கிராங்க் சீட்டுக்கு நேர் கீழே இல்லாமல் சற்று முன்னால் தள்ளியிருக்கிறது. இதனால் சீட்டைத் தாழ்த்தி வைத்தாலும் மிதிக்கும்போது கால் நன்றாக நீளும். சிக்னலில் நிற்கும்போது இறங்காமலே இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றலாம். வயதானவர்களும் நீண்ட நாள் சைக்கிள் தொடாதவர்களும் இந்த வகையை நாடுவதற்கு இதுவே பெரிய காரணம். பதிலுக்கு ஒன்றை இழக்கிறோம்: மேட்டில் எழுந்து நின்று மிதிப்பது இந்த அமைப்பில் சரிவராது. அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுகிறது. மேல் பார் இல்லாத தாழ்சட்டமும் பல நிறுவனங்களில் கிடைக்கிறது. பின்னால் கேரியரில் சுமை இருக்கும்போது காலைச் சுழற்றி ஏறுவது சிரமம் என்பதால், ஆண்களும் அதையே எடுப்பது வழக்கமாகிவிட்டது.

உடல் எடையின் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. குழியில் இறங்கினால் அடி வாங்குவது முதுகெலும்பு. ஆனாலும் விலைப்பட்டியல்களில் பெருமையாகப் போடப்படுவது முன் ஃபோர்க் சஸ்பென்ஷன்! உண்மையில் வேலை செய்பவை சீட்டின் அடியில் உள்ள இரட்டைச் சுருள் ஸ்பிரிங்குகளும், சஸ்பென்ஷன் வைத்த சீட் தண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பின் டயரில் உள்ள காற்றும்தான்.

சக்கரம்

26 அங்குல விட்டம், 2 முதல் 2.4 அங்குல அகலம் என்பது பொதுவான அளவு; மணலில் ஓட்ட 4 அங்குலம் வரை பருத்த டயர்களும் உண்டு. காற்றழுத்தம் 30 முதல் 50 பி.எஸ்.ஐ. போதும். இதைவிட ஏற்றினால் பலூன் டயர் வாங்கியதற்கு அர்த்தமில்லை. மிகவும் குறைத்தால் மோட்டாருக்கு இழுவை, ரிம்முக்கு ஆபத்து. ஹப் மோட்டார் வண்டியில் பின்சக்கர ஸ்போக்ஸ் கம்பி சாதாரண 14 கேஜுக்குப் பதில் 13 அல்லது 12 கேஜ் தடிமனில் இருக்கும். மோட்டார் ஹப் பெரியது என்பதால் கம்பி குட்டையாகி, ரிம்மில் சேரும் கோணம் கூர்மையாகிறது. கம்பி அறுவதும் சக்கரம் கோட்டம் அடிப்பதும் இந்த வண்டிகளில் அதிகம் வரும் பழுதுகள்.

மோட்டார்

இரண்டு வழிகள் உண்டு. சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைப்பது ஒன்று. கிராங்க் இருக்கும் இடத்தில் வைத்துச் செயின் வழியாகத் தள்ளுவது மற்றொன்று. கடற்கரை குரூசர்களில் பின் ஹப் மோட்டாரே மிகுதி. அதிலும் கியர் வைத்தது, வைக்காதது என இரு பிரிவு. கியர் வைத்ததில் உள்ளிருக்கும் மோட்டார் வேகமாகச் சுழல, நைலான் பற்களுள்ள கோள்கியர்கள் அந்த வேகத்தைச் சுமார் ஐந்தில் ஒன்றாகக் குறைத்து இழுவையைக் கூட்டித் தருகின்றன. ஒருவழி கிளட்ச் இருப்பதால், மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தால் தடை தெரியாது. அதே கிளட்ச்சால், இறக்கத்தில் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் இதனால் முடியாது. கியர் இல்லாத மோட்டாரில் சத்தமே இல்லை, தேயவும் பல் இல்லை. எடை கூடுதல், அணைத்தபின் காந்தத்தின் இழுப்பு காலுக்குத் தெரியும்.

கிராங்க் மோட்டார் வண்டியின் கியர்களையே பயன்படுத்திக்கொள்வதால் மேடேறுவதில் கெட்டிக்காரன். போஷ் மோட்டாரும் ஷிமானோவின் 8 வேக உள்கியர் ஹப்பும் சேர்ந்த எலெக்ட்ரா டவுனி கோ இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. செயின் சீக்கிரம் தேயும், விலையும் அதிகம். சமதளக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர் இதற்குக் கூடுதல் பணம் தர வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

500 வாட் என்று மோட்டாரில் பொறித்திருப்பது, சூடேறாமல் தொடர்ந்து தரக்கூடிய அளவு. கிளம்பும்போதும் மேட்டிலும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், 48 வோல்ட் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் இழுத்தால் அந்த நொடியில் செலவாவது 960 வாட். ஒரே 500 வாட் முத்திரையுள்ள இரண்டு வண்டிகள் ஓட்டத்தில் வேறுவேறாக இருப்பதன் காரணம் மோட்டாரில் இல்லை, கன்ட்ரோலரின் ஆம்பியர் வரம்பில் இருக்கிறது.

உதவியை எப்போது, எவ்வளவு தருவது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது சென்சார். மலிவான வண்டிகளில் கிராங்கோடு சுழலும் காந்த வளையம் ஒன்றுதான் இருக்கும். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மெல்லச் சுற்றினாலும் முழு உதவி வந்து வண்டி குபீரென்று பாயும். மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். விசையை அளக்கும் டார்க் சென்சார் உள்ள வண்டியில் நம் காலே வலுத்துவிட்டதுபோல் இருக்கும். குரூசர்களில் இவற்றோடு கட்டைவிரலால் தள்ளும் அல்லது கையால் திருகும் திராட்டிலும் பெரும்பாலும் உண்டு. 30 கிலோ வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்ப அதுதான் கைகொடுக்கும்.

பேட்டரி

வண்டியின் விலையில் கணிசமான பகுதி இங்கே போகிறது. உறையைத் திறந்தால் உள்ளே இருப்பவை பென்டார்ச் பேட்டரியைவிடச் சற்றே பெரிய உருளைச் செல்கள்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம் உள்ள 18650, அல்லது அடுத்து வந்த 21700. நான்கு நான்காகப் பக்கவாட்டில் இணைத்து, அப்படிப்பட்ட 13 கூட்டங்களை வரிசையில் கோத்தால் 52 செல்கள். அதுவே 48 வோல்ட் பேட்டரி. முழுச் சார்ஜில் மீட்டர் 54.6 வோல்ட் காட்டும். செல்களை இணைக்க ஈயப்பற்று வைப்பதில்லை, மெல்லிய நிக்கல் பட்டையைப் புள்ளி வெல்டிங் செய்திருப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு மெல்லிய கம்பி, கூட்டங்களின் வோல்ட்டைக் கண்காணிக்கும் மேலாண்மைப் பலகைக்குப் போகும். பேட்டரி போய்விட்டது என்று தூக்கி வருபவை பலவற்றில் 12 கூட்டங்கள் நன்றாகவே இருக்கும். ஒன்று மட்டும் தளர்ந்திருக்கும். பலகை அந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காக மொத்தத்தையும் அணைத்துவிடும்.

14 ஆம்பியர்-மணி என்றால் கையிருப்பு 672 வாட்-மணி. மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட்-மணி. திராட்டிலை மட்டும் நம்பி 32 கி.மீ. வேகத்தில் போனால் 20 வரை ஏறும். ஆக ஒரே பேட்டரி ஒருவருக்கு 60 கி.மீ., இன்னொருவருக்கு 35. விளம்பரத்தில் பெரும்பாலும் முதலாமவர் கணக்கே இருக்கும். 2 ஆம்பியர் சார்ஜரில் முழுதாக நிரம்ப ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேட்டில் ஏறும்போது திரையில் பேட்டரிக் கட்டங்கள் இரண்டு குறைந்து, சமதளம் வந்ததும் திரும்பி வருவதைப் பார்த்துப் புதியவர்கள் பயந்துபோவார்கள். அதிக ஆம்பியர் இழுக்கையில் வோல்ட் தற்காலிகமாகச் சரிவதுதான் அது.

தொடக்கக்கால பெடெகோ உட்படப் பல மாடல்கள் பேட்டரியைப் பின் கேரியரில் வைத்தன. ஓட்டுபவர் எடை, மோட்டார் எடை, பேட்டரி எடை மூன்றும் பின்னால் குவிய, முன்சக்கரம் லேசாகிவிட்டது. கீழ்க்குழாயிலோ நடுச்சட்டத்திலோ பேட்டரி வைத்த மாடலே மேல்.

தரமற்ற பேட்டரிகளால் நேர்ந்த தீவிபத்துகளுக்குப் பிறகு நியூயார்க் நகரம் 2023-இல் கொண்டுவந்த விதி, அங்கே விற்கப்படும் மின்சைக்கிள்களின் மின்னமைப்பு யு.எல். 2849 தரச்சான்று பெற்றிருக்க வேண்டும் என்கிறது. அந்த எண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது வேறெந்த ஊரில் வாங்குபவருக்கும் நல்லதுதான்.

பிரேக்

பழைய குரூசரின் அடையாளம் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக்; கனெக்டிகட்டின் நியூ டிபார்ச்சர் நிறுவனம் 1898-இல் அதைப் பிரபலப்படுத்தியது. பின் ஹப்பில் மோட்டார் வந்ததும் அதற்கு இடமில்லாமல் போயிற்று. 20 கி.மீ. வேகத்தில் போகும் சாதாரண சைக்கிளோடு ஒப்பிட்டால், 32 கி.மீ. வேகத்தில் போகும் மின்குரூசர் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் மும்மடங்கு. ஆகவே 160 அல்லது 180 மி.மீ. டிஸ்க் பிரேக்தான் பொருத்தம். ஹைட்ராலிக் என்றால் விரல் நோகாது. பிரேக் பிடியை இழுத்த கணமே மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் பிடிக்குள் இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். காந்த வளைய சென்சார் உள்ள வண்டியில் இது இல்லாமல் ஓட்டவே கூடாது.

சட்ட வரம்பு

கலிஃபோர்னியா 2015-இல் இயற்றிய சட்டம் மின்சைக்கிள்களை மூன்று வகுப்பாகப் பிரித்தது: மிதித்தால் மட்டும் 32 கி.மீ. வரை உதவுவது, திராட்டிலோடு அதே வேகம், மிதித்தால் 45 கி.மீ. வரை உதவுவது. குரூசர்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது வரம்பு 250 வாட், 25 கி.மீ. இந்திய மோட்டார் வாகன விதிகளும் 0.25 கிலோவாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்கே பதிவிலிருந்து விலக்குத் தருகின்றன. கலிஃபோர்னியாவில் உரிமமின்றி ஓடும் 500 வாட் குரூசரை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால், சட்டத்தின் கண்ணில் அது சைக்கிளாக இராது.

பராமரிப்பு

பின்சக்கரம் பஞ்சரானால் சாதாரண கடைக்காரர் முதலில் தயங்குவார். ஆக்சிலின் ஒரு முனையிலிருந்து மின்கம்பி வருகிறது. நட்டுக்குப் பெரும்பாலும் 18 மி.மீ. ஸ்பேனர் வேண்டும், அதற்கடியில் ஆக்சில் சுழன்றுவிடாமல் தடுக்கும் கொக்கி வாஷர் இருக்கிறது, மாட்டும்போது அது பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டுப் போடுவதே லேசான வழி. ஸ்போக்ஸ் இறுக்கத்தை முதல் சில நூறு கிலோமீட்டரில் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் பிறகு அடிக்கடி கோட்டம் எடுக்க வேண்டியிராது. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பதானால் பேட்டரியைப் பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது. அறைக்குள் கொண்டுவந்து குளிர் தணிந்த பிறகே சார்ஜரை இணைக்க வேண்டும்.