கோட்டை வாத்தியமும் நோட்டும்: பூங்காப் படையிசை பெற்ற பெயர்கள்

1. முன்னுரை

ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்த இந்திய நகரங்களில், மாலை வேளையில் பூங்காவில் படைப்பிரிவின் வாத்தியக் குழு கட்டணமின்றி இசைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. பெங்களூர்க் கப்பன் பூங்காவில் அதற்கென எழுந்த மேடை இன்றும் உள்ளது. மும்பைப் பாந்திராவில் மேடையின் பெயரே ஊர்ப்பகுதியின் பெயராகி, 'பேண்டு ஸ்டாண்டு' என வழங்குகின்றது. இவ்விசைக்குப் பெரும்பாலும் சொற்கள் இல்லை. ஆயினும், கேட்டவர்கள் அதற்கு ஒரு பெயர் இட வேண்டியிருந்தது. அப்பெயர்கள் எவ்வாறு அமைந்தன என்பதை வங்காள வழக்கையும் தமிழ் வழக்கையும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. ஆற்றங்கரைப் பூங்கா

ஹவுராவிலிருந்து படகில் ஹுக்ளி ஆற்றைக் கடப்பவர் கரையேறும் துறைகளுள் சாந்த்பால் துறையும் பாபு துறையும் குறிப்பிடத்தக்கவை. இவற்றுக்கு அருகில் ஈடன் தோட்டம் அமைந்துள்ளது. 1836 முதல் 1842 வரை தலைமை ஆளுநராக இருந்த ஆக்லண்டு பிரபுவின் குடும்பப் பெயரை அது தாங்கி நிற்கின்றது. 1874இல் மிதவைப் பாலமும் 1943இல் இன்றைய ஹவுரா பாலமும் திறக்கப்பெறும் முன்னரும், திறக்கப்பெற்ற பின்னரும் படகுத்துறைகள் இரு கரைகளையும் இணைத்து வந்தன.

தோட்டத்திற்குத் தெற்கே வில்லியம் கோட்டை உள்ளது. கோட்டையில் தங்கியிருந்த படைப்பிரிவின் குழு, தோட்டத்து மேடையில் மாலை வேளைகளில் இசைத்தது. உலாவ வரும் ஐரோப்பியரை முன்னிட்டே இவ்வேற்பாடு அமைந்தது. எனினும், பித்தளைக் குழல்களின் ஒலி வேலிக்குள் அடங்குவதன்று. அழைக்கப்படாதவரும் அதனைக் கேட்க இயன்றது.

3. வங்காளப் பெயரீடு

வங்காளத்தில் கோட்டையை 'கொட்' என்பர். கோட்டையைச் சூழ்ந்த பெருவெளி 'கொடேர் மாட்', அதாவது கோட்டைத் திடல், எனப்பட்டது. அதே முறையில் படையிசை 'கொடேர் பாத்ய', அதாவது கோட்டை வாத்தியம், எனப்பட்டது. இப்பெயர் கருவியையோ இசைவகையையோ சுட்டவில்லை. ஒலி எங்கிருந்து வருகின்றது என்பதையே சுட்டுகின்றது. கோட்டைக்கு வெளியே நிற்பவரின் நோக்குநிலை சொல்லிலேயே பதிந்துள்ளது. கோட்டைக்குள் இருப்பவர் இவ்வாறு பெயரிடத் தேவையில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

'பேண்டு' என்ற ஆங்கிலச் சொல்லும் வங்காளத்தில் உண்டு. அச்சொல்லின் உயிரொலி வங்காளத்தில் இயல்பாகவே உள்ளதாதலின் ஒலித்திரிபு பெரிதும் நிகழவில்லை. இன்று அது இளைஞர் இசைக்குழுக்களையும் குறிக்கின்றது.

4. தமிழ்ப் பெயரீடு

தமிழில் அவ்வுயிரொலி இன்மையால் ஒரே சொல் 'பாண்டு', 'பேண்டு' என இருவகையாகத் திரிந்தது. 'பாங்கு', 'பேங்கு' என்னும் இணையும் இத்தகையதே. ஆங்கிலத்தில் அச்சொல் இசைப்போர் கூட்டத்தைக் குறிக்க, தமிழிலோ 'பாண்டு வாத்தியம்' எனக் கருவியையும் இசையையும் குறிக்கலாயிற்று. இதற்குக் காரணம் உண்டு. திறந்தவெளியில் தந்திக் கருவிகளின் ஒலி நெடுந்தொலைவு செல்லாது. எனவே படையிசையில் துளைக்கருவியும் தோற்கருவியும் முதன்மை பெற்றன. சுவாமி புறப்பாட்டில் நாகசுரமும் தவிலும் முழங்குவதும் இதே தேவையால் ஆகும். கட்டணமின்றித் தெருவில் கேட்கும் இசை தமிழர்க்குப் புதியதன்று. புதிய கருவிகளைப் பழைய 'வாத்திய' வகையில் சேர்த்துக்கொண்டனர். திருமண ஊர்வலத்தில் பாண்டு இடம்பெற்றதும் இவ்வாறே எனலாம்.

மற்றொரு சொல் 'நோட்டு'. முத்துசாமி தீட்சிதர் (மறைவு 1835) மேனாட்டு மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் இயற்றிய சுமார் 40 பாடல்கள் நோட்டுஸ்வரம் எனப்படுகின்றன. சென்னைக் கோட்டைப் படைக்குழுவின் இசையைக் கேட்டதன் விளைவாக இவை தோன்றின என்பது இசைவரலாற்று மரபு. பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டும் இவற்றுள் ஒன்று. அரசரைப் போற்றிய மெட்டு அம்பிகையைப் போற்றுவதாயிற்று. ஆங்கிலத்தில் தனிச்சுரத்தைச் சுட்டிய சொல், 'இங்கிலீஷ் நோட்டு' எனும் தொடரில் முழு மெட்டையே சுட்டுகின்றது. பகுதியின் பெயர் முழுமைக்கு ஆகிவந்தமையால் இதனைச் சினையாகுபெயர் எனலாம்.

5. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

மூன்று பெயர்களும் மூன்று நிலைகளைக் காட்டுகின்றன. 'கோட்டை வாத்தியம்' தொலைவில் நின்று கேட்டவர் சொல். 'பாண்டு வாத்தியம்' ஊர்வலத்தில் உடன் நடந்தவர் சொல். 'நோட்டு' இசையைக் கற்றுத் தமதாக்கிக்கொண்டவர் சொல். வங்காளப் புனைகதையைத் தமிழாக்குவோர் 'கொடேர் பாத்ய' என்பதை 'இராணுவ இசைக்குழு' எனப் பெயர்த்தால் பொருள் பிழைபடாது. ஆனால் கேட்பவர் நின்ற இடம் மறைந்துவிடும். 'பாண்டு கச்சேரி' என்பதும் பொருந்தாது. கச்சேரி என்றவுடன் அமர்ந்து கேட்கும் அவையே தமிழ் வாசகர் நினைவுக்கு வரும். 'கோட்டை வாத்தியம்' என்ற நேர்ப்பெயர்ப்பே ஏற்புடையது.

6. முடிவுரை

விடுதலைக்குப் பின் பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் வெளியேறின. ஈடன் தோட்டத்து மாலை இசையும் பழங்கதையாயிற்று. ஹவுரா பாலத்தை நோக்கிச் செல்லும் மகாத்மா காந்தி சாலையில் திருமணப் பித்தளை வாத்தியக் குழுக்களின் கடைகள் நிலைபெற்றன. 2024இன் இறுதியில் வில்லியம் கோட்டை 'விஜய் துர்க்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆனால் 'கொடேர் பாத்ய' என்ற தொடரில் கோட்டைக்குரிய ஆங்கிலப் பெயர் முன்பும் இடம்பெறவில்லை. ஆதலின் அப்பெயர் மாறியும் தொடர் மாறவில்லை. இத்தகைய தொடர்களை அகராதிகள் பொருளோடு மட்டுமன்றி, அவை பிறந்த இடத்தோடும் பதிவுசெய்தல் வேண்டும்.